தசைக்கும் உண்டு நேரக் கணக்கு

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் 1956-ல் கோவிந்தன்குட்டி நாயர் நிறுவிய சி.வி.என். களரி என்னும் தற்காப்புக்கலைப் பயிற்சிக்கூடத்தில், வாளைத் தொடுவதற்கு முன் உடம்பைப் பழக்க வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழே அமைந்த மண்தளத்தில் மாணவர்கள் கால்களை நேராகவும் பக்கவாட்டிலும் தலை உயரத்துக்கு வீசுகிறார்கள். தாழ்ந்து, பாய்ந்து, திரும்பி எழும் மெய்ப்பயட்டு அடுத்து வருகிறது. கம்பும் வாளும் அதற்கும் பிறகுதான். களரி வகுத்த இந்த வரிசைக்குத் தசையின் இயந்திரவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது.

தசை நாருக்குள் சார்கோமியர் என்னும் நுண் அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒன்றின் நீளம் ஏறக்குறைய 2.5 மைக்ரோமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 400 அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் மெல்லிய ஆக்டின் இழைகளும் தடித்த மயோசின் இழைகளும் இடைகலந்து கிடக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் குறுகுவதில்லை. மயோசினின் தலைப்பகுதிகள் ஆக்டினைப் பற்றி இழுக்க, ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. இதை 1954-ல் ‘நேச்சர்’ இதழில் இரு குழுக்கள் தனித்தனியே எழுதின: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு குழு, ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொன்று. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர்.

பற்றிய பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்த உடல் விறைத்துப்போவது அது தீர்ந்துவிடுவதால்தான். சுருங்கும் வேகம் கூடினால் விசை குறையும் என்பதை ஏ.வி. ஹில் 1938-ல் அளந்து காட்டினார். வேகத்தில் ஒரே சமயத்தில் பற்றியிருக்கும் தலைகளின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது.

ஆனால் தசை என்பது இழுக்கும் மோட்டார் மட்டுமல்ல. சார்கோமியருக்குள் டைட்டின் என்ற மாபெரும் புரதம் சுருள்வில்லாக நிற்கிறது. நார்களைச் சுற்றிக் கொலாஜன் உறை போர்த்தியிருக்கிறது. அந்தக் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்ற மாதிரியை, அதே 1954-ல், அதே ‘நேச்சரில்’ முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

இந்த வலைப்பின்னலும் அதில் தேங்கிய நீரும் சேர்ந்து தசைக்குப் பாகு மீள்தன்மையைத் தருகின்றன. ரப்பரைப் போல இது மீள்கிறது. தேனைப் போலக் காலம் எடுத்துக்கொள்கிறது. சட்டென்று இழுத்தால் விறைத்து எதிர்க்கும். மெல்ல இழுத்தால் இணங்கும். நீட்டிய நிலையில் பிடித்துவைத்தால், நீளம் மாறாமலே உள் இழுவிசை தளரும். அந்தத் தளர்ச்சியின் பெரும்பகுதி முதல் சில விநாடிகளிலேயே நடந்துவிடும். இழுத்து விடும் ஒவ்வொரு முறையும் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகத் தங்குகிறது. சூடு ஏறினால் எதிர்ப்புக் குறைகிறது.

களரியின் கால்வீச்சு இந்த வேலையைத்தான் செய்கிறது: மூட்டை அதன் வீச்செல்லை வரை கொண்டுபோய், உழைக்கும் தசையைச் சூடாக்குகிறது. கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியையொட்டி, நடக்கும் உழிச்சில் என்னும் உடல்நீவலில், களரி ஆசானான குருக்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் பூசிய உடம்பைப் பாதத்தால் நீவுகிறார். அங்கே எண்ணெயின் முக்கிய வேலை வழுக்கவைப்பது. மெதுவாக, தொடர்ச்சியாக விழும் அழுத்தமே திசுவை இளக்குகிறது.

இப்படிக் கிடைக்கும் இளக்கம் நிலைப்பதில்லை. ஓய்ந்ததும் தசை பழைய விறைப்புக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்கில் பழகியவருக்குக் கால் உயரே போவதில், நீட்சியைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதற்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் தினசரிப் பயிற்சி.

ஓடப்போகிறவர்களும் இதைப் பின்பற்றலாம். தொடங்கும் முன் நடை, கால்வீச்சு போன்ற அசைவுகள் போதும். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே ஓடினால், தசையின் விசை சற்றுக் குறையக்கூடும். நிலைநீட்சியை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.