பகைத்துக்கொள்ள ஒரு சொல்



'டோன்ட் ஆன்டகனைஸ் ஹிம்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். 'அவரை எதிர்க்காதே' என்று இதை மொழிபெயர்த்தால் பொருள் தவறிவிடும். 'அவரைப் பகைத்துக்கொள்ளாதே' என்பதே சரி. ஒருவர் கருத்தை மரியாதையோடு எதிர்க்கலாம், பகை வராது. சீண்டியோ அவமதித்தோ அவர் மனத்தில் நம்மீது வெறுப்பை வளர்த்துவிட்டால், அதுதான் ஆன்டகனைஸ். 'ப்ரொவோக்' என்ற சொல்லும் இதற்கு அருகில் வரும். ஆனால் அது பெரும்பாலும் அந்த நேரத்துக் கோபத்தைத் தூண்டுவது. ஆன்டகனைஸ் செய்தால் கசப்பு தங்கிவிடும்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஆன்டி' என்றால் எதிர். 'அகோன்' என்றால் போட்டி. ஒலிம்பியா விளையாட்டுகளையும் கிரேக்கர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். கடும் வேதனையைக் குறிக்கும் 'அகனி'யும் இதே அகோனிலிருந்து வந்ததே. போட்டி எங்கே போய் முடிந்திருக்கிறது, பாருங்கள்!

கதையில் நாயகனை எதிர்த்து நிற்பவர் ஆன்டகனிஸ்ட். மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்குப் பகை என்ற பொருள் இல்லை. முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்கு, முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் ஆன்டகனிஸ்ட். ஒன்று சுருங்கும்போது மற்றது தளரும்.

எழுத்தில் ஒரு குறிப்பு: அமெரிக்கர்கள் இச்சொல்லின் கடைசி அசையில் 'இசட்' போடுவார்கள். பிரிட்டனில் 'எஸ்' அதிகம்; ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு 'இசட்'தான் பிடிக்கும்.