முதுமையில் உயர் இரத்த அழுத்தம்

முதுமையில் உயர் இரத்த அழுத்தம் என்பது அறுபது வயதைக் கடந்தவர்களின் தமனிகளில் குருதியின் அழுத்தம் தொடர்ந்து இயல்பைவிட மிகுந்திருக்கும் நிலையைக் குறிக்கும். இது ஒரு நாள் வந்து மறையும் நோயன்று. பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் உடனிருப்பது. வலியோ காய்ச்சலோ இல்லாமல் பல ஆண்டுகள் இருந்து, பின்னர் பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றிற்குக் காரணமாகிறது. 2020 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயதுள்ளோரிடம் நடத்தப்பட்ட மாநில அளவிலான ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. ஆனால் அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவே.

பெயர்

மருத்துவ நூல்களில் உயர் குருதி அழுத்தம், மிகை இரத்த அழுத்தம் என்றும், பேச்சு வழக்கில் இரத்தக் கொதிப்பு, பிரஷர் என்றும் இது வழங்கப்படுகிறது. 'கொதிப்பு' என்னும் சொல், இது சினத்தாலோ உடற்சூட்டாலோ வருவது என்ற எண்ணத்தைத் தருகிறது. மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி முதலிய ஊர்களில் குளிர்ச்சியான உணவு உண்டால் கொதிப்பு அடங்கும் என்று கருதும் முதியோர் பலர் உள்ளனர். உண்மையில் குருதியின் வெப்பநிலைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. சினம் கொள்ளும்போது அழுத்தம் சிறிது நேரம் உயர்வது உண்மையே. எனினும் சாந்தமான இயல்புடையோர்க்கும் இந்நோய் உண்டாகும்.

அழுத்தமும் அளவும்

இரத்த அழுத்தம் இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. இதயம் சுருங்கிக் குருதியை வெளியேற்றும்போது தமனிச் சுவரில் ஏற்படும் அழுத்தம் சுருக்க அழுத்தம் எனப்படும். இதயம் விரிந்து ஓய்வுறும்போது உள்ள அழுத்தம் விரிவு அழுத்தம் எனப்படும். இரண்டும் பாதரசத்தின் மில்லிமீட்டரில் அளக்கப்படுகின்றன. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்தபோது 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்வது இந்தியாவில் பின்பற்றப்படும் வழக்கம். இரண்டு எண்களுள் ஒன்று மட்டும் மிகுந்திருந்தாலும் அது உயர் இரத்த அழுத்தமே. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017 ஆம் ஆண்டில் இவ்வெல்லையை 130/80 ஆகக் குறைத்தன.

இன்று கையில் கட்டும் காற்றுப் பட்டையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். இதயத்துடிப்புமானியால் ஒலி கேட்டு இரு எண்களையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரோட்கோவ் 1905 ஆம் ஆண்டில் விளக்கினார்.

முதுமையில் ஏற்படும் மாற்றம்

இளமையில் பெருந்தமனியின் சுவர் மீள்தன்மை உடையது. இதயம் குருதியை உந்தும்போது அது விரிந்து கொடுத்து, பின்னர் சுருங்கி, ஓட்டத்தைச் சீராக்குகிறது. வயது ஏற ஏற இச்சுவரில் உள்ள மீள் இழைகள் தேய்ந்து, விறைப்பான இழைகளும் சுண்ணச் சத்தும் சேர்கின்றன. புதிய இரப்பர்க் குழாயில் செல்லும் நீர் இரும்புக் குழாயில் செலுத்தப்படுவது போன்ற நிலை இது. இதனால் சுருக்க அழுத்தம் வயதோடு உயர்ந்துகொண்டே செல்ல, விரிவு அழுத்தம் ஏறத்தாழ ஐம்பத்தைந்து வயதுக்குப் பின் குறையத் தொடங்குகிறது. முதியோர் ஒருவருக்கு 170/75 என்ற அளவு காணப்படுவது இக்காரணத்தாலேயே. இது தனிச் சுருக்க அழுத்த மிகை எனப்படும்.

'வயதானால் பிரஷர் கூடத்தான் செய்யும்' என்பது ஓரளவே உண்மை. உப்பு மிகக் குறைவாக உண்ணும் தென் அமெரிக்காவின் யானோமாமி பழங்குடியினரிடம் வயது கூடும்போது அழுத்தம் உயர்வதில்லை என்பது 1988 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் அறியப்பட்டது. முதுமையில் பலருக்கு வருவதால் அது தீங்கற்றது என்றும் ஆகாது.

விளைவுகள்

* மூளை: குருதிக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. சிறு குழாய்கள் மெல்லச் சிதைவதால் நினைவாற்றல் குறைவதும் உண்டு.
* இதயம்: மிகுந்த அழுத்தத்திற்கு எதிராக உழைப்பதால் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. பின்னர் இதயம் வலுவிழந்து மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் தோன்றுகின்றன.
* சிறுநீரகம்: வடிகட்டும் நுண்குழாய்கள் பழுதடைகின்றன. நீரிழிவும் உடனிருந்தால் இது விரைவாக நிகழும்.
* கண்: விழித்திரையின் குருதிக் குழாய்கள் குறுகுதல், குருதிக் கசிவு ஆகியன ஏற்படும். உடலைக் கீறாமல் குருதிக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் விழித்திரையாகும். எனவே கண் பரிசோதனைக்குச் செல்லும் முதியோர் சிலர் தமக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதை அங்கேயே முதன்முறையாக அறிகின்றனர்.

அளவிடும் முறை

முதியோரின் அழுத்தம் ஒரே நாளில் பெரிதும் மாறக்கூடியது. பேருந்திலிருந்து இறங்கி விரைந்து வந்து, வரிசையில் நின்று, உடனே அளந்தால் கிடைக்கும் எண் நம்பத்தக்கதன்று. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்திருத்தல் வேண்டும். அரை மணி நேரத்திற்குள் காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்திருத்தலும் சிறுநீர் கழித்திருத்தலும் தேவை. கால்கள் தரையில் ஊன்றியிருக்க, கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டலாகாது. அளக்கும்போது பேசவும் கூடாது. ஓரிரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து சராசரி கொள்ளப்படும்.

மருத்துவரைக் கண்டதும் மட்டும் அழுத்தம் உயர்வது வெள்ளை அங்கி விளைவு எனப்படும். இதனைப் பிரித்தறிய வீட்டில் சில நாட்கள் காலையும் மாலையும் அளந்து ஏட்டில் குறித்து வருவது உதவும். முதியோர்க்கு நிற்கும் நிலையிலும் அளத்தல் இன்றியமையாதது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் சுருக்க அழுத்தம் 20 அல்லது விரிவு அழுத்தம் 10 குறைந்தால் அது நிலைசார் தாழ் அழுத்தம் ஆகும். இத்தகையோர் விடியற்காலையில் எழுந்து கழிவறைக்குச் செல்லும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து மிகுதி.

மருத்துவம்

முதியோரின் அழுத்தத்தைக் குறைக்கலாமா என்பது நெடுநாள் விவாதத்திற்குரியதாக இருந்தது. விறைத்த குழாய்களின் வழியே மூளைக்குக் குருதி செல்ல உயர்ந்த அழுத்தம் தேவை என்று கருதிய மருத்துவர்கள் இருந்தனர். 1991 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், தனிச் சுருக்க அழுத்த மிகை கொண்ட அறுபது வயதுக்கு மேற்பட்ட 4,736 பேர் பங்கேற்றனர். மருந்து உண்டோரிடம் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. எண்பது வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2008 ஆம் ஆண்டில் வெளியாயின. அதில் மருந்து உண்டோரின் மொத்த இறப்பு 21 விழுக்காடும், இதயச் செயலிழப்பு 64 விழுக்காடும் குறைந்தன. இதன் பின் மிக முதியோர்க்கும் மருத்துவம் பயன்தரும் என்பது ஏற்கப்பட்டது. தளர்ந்த உடல்நிலை உடையோர்க்கும், அடிக்கடி விழுவோர்க்கும் இலக்கு அளவு சற்றுத் தளர்த்தப்படும்.

இந்நோய்க்கான மருத்துவ வரலாற்றில் இந்தியாவிற்கும் இடமுண்டு. சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949 ஆம் ஆண்டில் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டார். அவ்வேரிலிருந்து ரெசர்பின் 1952 ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு முதலிய பக்க விளைவுகளால் அதன் பயன்பாடு பின்னர் அருகியது.

இன்று பயன்படும் முக்கிய மருந்து வகைகள்:

* அம்லோடிபின் போன்ற சுண்ண அயனித் தடுப்பிகள். சிலருக்குக் கணுக்கால் வீங்கும்.
* எனலாப்ரில் வகை. சிலருக்கு வறட்டு இருமல் வரும். அவர்களுக்கு லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகை மாற்றாகத் தரப்படும்.
* ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர்ப் பெருக்கிகள். குருதியில் சோடியம், பொட்டாசியம் குறையக்கூடும்.
* அட்டினோலால் போன்ற பீட்டா தடுப்பிகள். மாரடைப்பு போன்ற பிற இதய நோய்களும் உடையோர்க்குச் சிறப்பாகப் பயன்படும் வகை இது.

மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்ணும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் ஆகிய மாத்திரைகள் அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இருமலுக்கு உண்ணப்படும் அதிமதுரமும் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும்.

உணவும் உப்பும்

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இந்தியர் சராசரியாக 8 கிராம் உண்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு தெரிவிக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் 600 கிராம் உப்பு போதுமானது. மாதந்தோறும் வாங்கும் உப்புப் பொட்டலத்தைக் கொண்டே ஒரு குடும்பம் தன் அளவை மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஊறுகாய், வடகம், மோர் மிளகாய் முதலியவற்றில் உள்ள உப்பையும் இதனோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மதுரை அப்பளத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அப்பளத்தில் உப்போடு சோடியம் கலந்த அப்பளக் காரமும் சேர்கிறது. கருவாடும் உப்பு மிகுந்த உணவே. பழைய சோறு தன்னளவில் தீங்கானதன்று; அதனுடன் சேரும் உப்பும் ஊறுகாயுமே கருத்தில் கொள்ள வேண்டியவை. இந்துப்பு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே ஆகும்.

சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்ந்த உப்பை வழங்கி, சீனாவின் 600 ஊர்களில் நடத்தப்பட்ட ஆய்வு 2021 ஆம் ஆண்டில் வெளியானது. அவ்வுப்பைப் பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆயினும் சிறுநீரக நோய் உடையோர்க்கும், எனலாப்ரில், லோசார்ட்டன் வகை மருந்து உண்போர்க்கும் பொட்டாசியம் அளவு மீறி உயரக்கூடும். ஆதலால் மருத்துவரைக் கேளாமல் இவ்வுப்பைப் பயன்படுத்தலாகாது. இளநீருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

வெயில் காலம்

மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. வெப்பத்தில் தோலின் குருதிக் குழாய்கள் விரிவதாலும் வியர்வையில் நீரும் உப்பும் இழக்கப்படுவதாலும் அழுத்தம் தாழ்கிறது. சிறுநீர்ப் பெருக்கி உண்ணும் முதியோர் வயல் வேலையிலோ, சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலோ நெடுநேரம் நின்றால் மயங்கி விழக்கூடும். அளவுக்கு மீறிய சோர்வு, குழப்பமான பேச்சு ஆகியன சோடியம் குறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். இக்காலத்தில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு கண்ட நாட்களிலும் அவ்வாறே.

தமிழ்நாட்டில் பொதுச் சுகாதார முயற்சிகள்

1978 ஆம் ஆண்டில் மருத்துவர் வி. எஸ். நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் வழியே இந்நோய்க்கான மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் விலையின்றிக் கிடைக்கின்றன.

உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து தொடர் மருத்துவம் அளிக்கும் முன்னோடித் திட்டம், உலக வங்கி உதவியுடன் நடைபெற்ற தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007 ஆம் ஆண்டில் மதுரையை அடுத்துள்ள சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டு முதல் அது படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 5 ஆகத்து 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. இதில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று அழுத்தம் அளந்து, மாத்திரைகளையும் வழங்குகின்றனர். நடக்க இயலாத முதியோர்க்கு இது பெரிதும் பயன்படுகிறது. இத்திட்டத்திற்கு 2024 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது.

தென் மாவட்டங்களின் முக்கிய உயர்நிலை அரசு மருத்துவமனையான மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, 1954 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது.

மருந்தை இடையில் நிறுத்துதல்

அழுத்தம் கட்டுக்குள் வராமைக்கு மருந்து கிடைக்காமையைவிட, தொடங்கிய மருந்தை நிறுத்திவிடுவதே பல இடங்களில் பெருங்காரணமாக உள்ளது. 'இப்போது 130 தான் இருக்கிறது, இனி மாத்திரை எதற்கு' என்று நிறுத்துவோர் மிகுதி. அந்த 130 மாத்திரையால் வந்த அளவு என்பதும், நிறுத்தினால் சில நாட்களில் அல்லது வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பும் என்பதும் உணரப்படுவதில்லை. பீட்டா தடுப்பிகள், குளோனிடின் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் உயரக்கூடும்.

நீரிழிவு, மூட்டு வலி, கொழுப்பு என நாளொன்றுக்குப் பல மாத்திரைகள் உண்போர் எதை உண்டோம் என்பதை மறந்துவிடுவதும் உண்டு. பிள்ளைகள் வேலைக்காகச் சென்னை, திருப்பூர், வெளிநாடு எனச் சென்றுவிட, தனித்திருக்கும் முதியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, இரு மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரை, உணவு வேளையுடன் இணைத்து உண்ணல் ஆகியன உதவும். கண் பார்வை குன்றியோர்க்கு மாத்திரை அட்டைகளைத் தனித்தனி நிறப் பைகளில் வைத்துத் தரலாம்.

அவசர நிலை

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஆகவே 108 அவசர ஊர்தியை உடனே அழைத்து, மூளையைக் கணினி வரைவி மூலம் ஆராயும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. வீட்டிலுள்ள அழுத்த மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பது தீங்கு விளைவிக்கும். அழுத்தம் திடீரெனத் தாழ்ந்தால் மூளையின் பாதிப்பு பெருகும். விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கக்கூடும் என்பதால் நீரோ உணவோ தரலாகாது.

இவற்றையும் பார்க்க

* இரத்த அழுத்தம்
* பக்கவாதம்
* நீரிழிவு நோய்
* முதுமை
* மக்களைத் தேடி மருத்துவம்