பின்னால் ஒருவர் ஏறினால்

மாத்தளையிலிருந்து லக்கலவுக்கு மோட்டார் சைக்கிளிற் செல்வோர் இரத்தோட்டையைக் கடந்து, ரிவஸ்டன் மலை முகட்டை ஏறி, பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கு அருகாக இறங்குவர். நக்கிள்ஸ் மலைத்தொடரை ஊடறுத்துச் செல்லும் அப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பல. மூடுபனியும் அடிக்கடி கவியும். தனியே செல்லும்போது சொற்படி நடந்த வண்டி, பின்னால் ஒருவரை ஏற்றியதும் அவ்வளைவுகளில் வெளிப்புறமாக விலகிச் செல்வதைப் பலர் உணர்ந்திருப்பர். இதன் காரணம் யாது?

பின்னால் அமர்பவரின் பாரம் பெரும்பாலும் பின் சில்லின் மேலேயே விழுகின்றது. பின்புறச் சுருள்வில் அமுங்க, வண்டியின் பின்பாகம் தாழ்கின்றது, முன்பாகம் நிமிர்கின்றது. ஏற்றத்திலே பாரம் மேலும் பின்னோக்கிச் சாய்வதால், முன் சில்லு தரையை அழுத்தும் வலிமை குறைகின்றது. வண்டி கைப்பிடிக்கு இணங்க மறுக்கின்றது. முகப்பு விளக்கின் ஒளியும் மேலெழுந்து, நம் வழியை இருளில் விட்டு, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கின்றது. வளைவிற் சாயும்போது வண்டியின் அடிப்பாகம் தரையில் உரசவும் கூடும்.

இதற்குப் பரிகாரமாகவே பின் வில்லின் அடியில் படிப்படியாகத் திருப்பத்தக்க ஒரு வளையத்தை அமைத்துள்ளனர். அதனைத் திருப்பினால் வில் கடினமாகிவிடும் என்பது பரவலான எண்ணம். அது பிழையாகும். ஓர் உதாரணத்தை நோக்குவோம். பின் சில்லு மேலுங் கீழும் அசையத்தக்க தூரம் 12 சென்ரிமீற்றர் என்றும், 20 கிலோகிராம் பாரத்துக்கு அது 1 சென்ரிமீற்றர் அமுங்கும் என்றும் கொள்வோம். ஓட்டுநர் தனியே அமர 4 சென்ரிமீற்றர் தாழ்கின்றது. பின் சில்லில் மேலும் 60 கிலோகிராம் ஏறினால் 7 சென்ரிமீற்றர் தாழும். குழிகளைத் தாங்க எஞ்சுவது 5 சென்ரிமீற்றரே. வளையத்தைத் திருப்பி 2 சென்ரிமீற்றரை மீட்டால், எஞ்சுவது 7 ஆகின்றது. எனினும் அடுத்த 20 கிலோகிராமுக்கு வில் முன்போலவே 1 சென்ரிமீற்றர் அமுங்கும். வில்லின் இயல்பு மாறவில்லை. வண்டி தன் பழைய உயரத்தை நெருங்கியது, அவ்வளவே.

சரியான அளவை அறிவது எளிது. நடுத்தாங்கியில் வண்டியை நிறுத்தி, பின் சில்லு தரையைத் தொடாதிருக்கையில், அச்சிலிருந்து நேர்மேலே இருக்கையின் ஓரிடம் வரை அளவு நாடாவால் அளந்து கொள்க. பின்னர் வண்டியைத் தரையில் இறக்கி, இருவரும் பொதிகளுடன் அமர்ந்திருக்க, வேறொருவரைக் கொண்டு மீண்டும் அளப்பிக்க வேண்டும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு, சில்லு அசையத்தக்க முழுத் தூரத்தின் மூன்றிலொரு பங்கிற்கு அண்மையாக இருத்தல் நன்று. அத்தூரத்தையும், இருவருக்குரிய ரயர் காற்றழுத்தத்தையும் வண்டியின் கைந்நூலிற் காணலாம்.

வளையத்தைத் திருப்புவதற்குக் கொக்கி வடிவான ஸ்பனர் ஒன்று வேண்டும். இரட்டை வில்லுள்ள வண்டியில் இரு பக்கமும் ஒரே படியில் நிற்றல் இன்றியமையாதது. புகைபோக்கி ஆறிய பின்னரே கைவைக்க வேண்டும். அதிர்வுதாங்கியில் எண்ணெய் கசிந்திருப்பின், வளையத்தை எவ்வளவு திருப்பினும் பயனில்லை. வில்லின் துள்ளலை அடக்குவது அவ்வெண்ணெயே. அதனை இழந்த வண்டி ஒவ்வொரு குழியிலும் பலமுறை எழுந்து தாழும். இறுதிப் படிவரை திருப்பிய பின்னும் வண்டி மிகத் தாழ்ந்தே நின்றால், பொதியைக் குறைத்தல் வேண்டும். அல்லது வலிய வில்லைப் பொருத்துதல் வேண்டும்.

முன்னாளில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்வில்லே இருக்கவில்லை. இருக்கையின் அடியிலிருந்த வில்லே உடலைக் காத்தது. ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் 1949ஆம் ஆண்டு மாதிரி, அசையும் பின்கவையும் அதிர்வுதாங்கிகளும் கொண்டு வந்தது. இன்றோ சிறு வண்டிகளிற்கூட அவ்வசதி உண்டு. ஆயினும் வாங்கிய நாள் முதல் அவ்வளையத்தைத் தொடாதவர் பலர்.

நேயர்களே, பின்னால் அமர்பவர் நம் மனைவியாகவோ, பிள்ளையாகவோ, முதிய தாயாகவோ இருப்பார். கைப்பிடியும் தடையும் அவர் கையில் இல்லை. நம்மை நம்பியே ஏறுகின்றார். அவருக்குத் தலைக்கவசம் அணிவிப்பது போன்றே, அவருடைய பாரத்துக்கேற்ப வண்டியை ஆயத்தம் செய்வதும் நம் கடமை. சில நிமிட வேலைதான். அவரை லக்கலவில் இறக்கிவிட்டுத் தனியே திரும்பும்போது வளையத்தைப் பழைய படிக்குக் கொணரவும் மறத்தலாகாது.