அந்தரத்தில் நிற்கப் பழகுதல்
(பொழுதுபோக்கும் பொறியியலும் – 9)

சென்ற பகுதியில் விளக்கப்பட்ட மாதிரி விமானம், மோட்டார் நின்றுபோனாலும் இறக்கைகளின் தயவால் சிறிது தொலைவு மிதந்து சென்று தரையிறங்கக்கூடியது. சிறிய மாதிரி ஹெலிகாப்டருக்கோ அந்தச் சலுகை கிடையாது. பறக்கும்போதும் அதற்குச் சிக்கல்தான்: அதன் சுழலி ஒரு திசையில் சுழலும்போது உடற்பகுதி எதிர்த்திசையில் சுழல முற்படுகிறது. எதிர்முறுக்கு எனப்படும் இந்த விளைவைத் தடுக்கவே வாலில் ஒரு சிறு சுழலி பொருத்தப்படுகிறது. ஆனால் அது வாலைத் திரும்பவிடாமல் பிடிப்பதோடு நில்லாமல் ஹெலிகாப்டர் முழுவதையும் ஒரு பக்கமாகத் தள்ளவும் செய்வதால், ஓரிடத்தில் நிற்பதற்கே அது எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்தாக வேண்டியிருக்கிறது. ஒன்றைத் திருத்தப் போனால் மற்றொன்று கெடும் இந்தச் சிக்கலால், ஜெர்மானியப் பொறியாளர் டீட்டர் ஷ்லூட்டர் 1970-இல் தம்முடைய ஹியூகோப்ரா வடிவ மாதிரியை ஏறத்தாழ 28 நிமிடம் தொடர்ந்து பறக்கவிட்ட காலம்வரை, ரேடியோவால் இயங்கும் ஹெலிகாப்டர் நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது.

இன்று கடைகளில் கிடைக்கும் கையடக்க ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொள்கின்றன. ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு சுழலிகள் எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதால் ஒன்றின் எதிர்முறுக்கை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது. இரண்டின் வேகத்திலும் சிறு வேறுபாட்டை உண்டாக்கினால் மூக்கு இடமோ வலமோ திரும்புகிறது. இணையச்சு எனப்படும் இவ்வகையில் பெயர்பெற்ற சைமா எஸ்107-இல் மேல் சுழலியோடு இணைந்த எடைத்தண்டு ஆட்டத்தை அடக்குகிறது, வாலில் கிடைமட்டமாகச் சுழலும் குட்டி விசிறி வாலைத் தூக்கியோ தாழ்த்தியோ முன்னும் பின்னும் செலுத்துகிறது. அது ரேடியோவால் அன்றி அகச்சிவப்பு ஒளியால் இயங்குவது என்பதால், வெயிலில் கொண்டுபோனால் ரிமோட்டின் கட்டளை அதற்கு எட்டாமற்போகும்.

இணையச்சு ஹெலிகாப்டரை முதல் நாளிலேயே ஓட்டிவிடலாம். அதுவே அதன் சிறப்பும் குறையும் ஆகும். பெரும்பாலும் மூன்று சேனல்களே, அதாவது தனித்தனிக் கட்டளை வழிகளே, உள்ள அவ்வகையில் பக்கவாட்டில் நகர்த்தும் வசதியே இல்லாததால், அதில் எவ்வளவு தேறினாலும் ஒற்றைச் சுழலி ஹெலிகாப்டருக்கு வேண்டிய விரல் பழக்கம் வராது. ஆகவே, உண்மையாகவே கற்க விரும்புவோர் வி911 போன்ற நான்கு சேனல் ஒற்றைச் சுழலி வகையிலிருந்து தொடங்குவதே முறை. அதில் சுழலி இறக்கைகளின் கோணம் மாறாது, சுழலும் வேகமே ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது. எடையும் மிகக் குறைவு என்பதால் விழுந்தாலும் பெரும்பாலும் எதுவும் உடைவதில்லை. இறக்கைகளின் கோணத்தையே நொடிக்கு நொடி மாற்றி, தலைகீழாகவும் பறக்கவல்ல கலெக்டிவ் பிட்ச் வகையை எடுத்த எடுப்பில் வாங்குவது பணத்தை உதிரிபாகங்களில் கரைப்பதாகும்.

பயிற்சியின் முதற்பாடம் ஹோவர், அதாவது அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்திவைத்தல். மின்விசிறி நிறுத்தப்பட்ட விசாலமான அறையில், வால் ஓட்டுபவரை நோக்கியிருக்கும்படி ஹெலிகாப்டரை வைத்துத் தொடங்க வேண்டும். அந்நிலையில்தான் அதன் இடப்பக்கமும் அவருடைய இடப்பக்கமும் ஒன்றாக இருக்கும். தரையை ஒட்டிப் பறப்பது பாதுகாப்பானது என்று தோன்றினாலும், சுழலி கீழே தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி ஹெலிகாப்டரை அலைக்கழிப்பதால், தயங்காமல் இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றிவிடுவதே நல்லது. தடுமாறும்போது இடது விரல் த்ராட்டிலை, அதாவது விசையைக் கூட்டும் குச்சியை, மேலே தள்ளவே துடிக்கும். சுவரிலோ நாற்காலியிலோ மோதப்போவது உறுதியானவுடன் அதைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கப் பழக வேண்டும், ஏனெனில் சிக்கிக்கொண்ட இறக்கையோடு மோட்டார் மல்லுக்கட்டும்போதுதான் பற்சக்கரம் தேய்கிறது, மோட்டார் கருகுகிறது.

வால் பக்கம் கைவந்தபின் பக்கவாட்டு நிலைகள், கடைசியில் மூக்கு நிலை. ஹெலிகாப்டரின் மூக்கு ஓட்டுபவரை நோக்கியிருக்கையில் இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும்; யோசித்துத் திருத்துவதற்குள் அது சுவரை அடைந்துவிடும் என்பதால், திருத்தம் யோசனையின்றி விரலில் வர வேண்டும். நாள்தோறும் ஒரு பேட்டரி தீரும்வரை பழகுவது, வாரம் ஒருமுறை ஐந்து பேட்டரி தீரப் பழகுவதைவிடப் பயன் தரும்.

அந்தப் பேட்டரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 3.7 வோல்ட் எனக் குறிக்கப்படும் லித்தியம் பாலிமர் செல், முழுதும் ஏறியநிலையில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். ஆகவே ஹெலிகாப்டர் மேலெழச் சோம்பும்போதே பறப்பை நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஹெலிகாப்டர் வாங்கித்தரும் பெற்றோர், பறந்து சூடேறிய பேட்டரியை ஆறவிட்ட பின்னரே சார்ஜில் போட வேண்டும். இரவில் சார்ஜில் விட்டுவிட்டு உறங்கலாகாது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, அது தீப்பிடிக்கக்கூடும்.