நெல் வயலில் இருந்து வரும் வெளிச்சம்!

மாலை 6 மணி. ஊரப்பாக்கம் நிலையத்தில் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. வேலை முடிந்தவர்கள் கும்பல் கும்பலாக இறங்குகிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை என்ன? விளக்கைப் போடுவதுதான்! பிறகு மின்விசிறி சுழலுகிறது. கிரைண்டரில் மாவு அரைபடுகிறது. இஸ்திரிப் பெட்டி சூடாகிறது.

இவ்வளவுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

"பக்கத்தில் கல்பாக்கம் இருக்கிறதே! அங்கிருந்துதான்" என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. பல நிலையங்களில் உற்பத்தியாகும் மின்சாரம் ஒன்றாகக் கலந்துதான் கம்பிகளில் ஓடுகிறது. பல வாய்க்கால்கள் ஓர் ஏரியில் விழுவது போல! ஏரியில் மொண்ட தண்ணீர் எந்த வாய்க்காலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

அணு, நிலக்கரி, அணைத் தண்ணீர், காற்று, வெயில் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் பூமிக்கு அடியில் இருந்து வரும் இயற்கை வாயு.

வயலுக்கு நடுவே

ஊரப்பாக்கத்தில் இருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தெற்கே போனால் திருவாரூர் மாவட்டம். அங்கே மன்னார்குடியைத் தாண்டி, திருமக்கோட்டை அருகே கோவில்களப்பால் என்ற ஊர் இருக்கிறது. அது நெல் விளையும் பூமி. அங்குதான் தமிழக அரசின் வாயு மின்சார நிலையம் 2001-ம் ஆண்டு அமைந்தது.

அதன் சக்தி 107.88 மெகாவாட். முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைக்கும்!

இதைப் போலக் குத்தாலத்தில் 101 மெகாவாட் நிலையமும், ராமநாதபுரம் அருகே வழுதூரில் 187.2 மெகாவாட் நிலையமும் உண்டு.

ஒரே தீ, இரண்டு வேலை!

அடுப்பில் சோறு வடித்து இறக்கியதும், மிச்சம் இருக்கும் தணலில் குளிக்க வெந்நீர் வைப்பது தாய்மார்களின் வழக்கம். விறகு ஒன்று, வேலை இரண்டு! வாயு மின்சார நிலையத்திலும் இதேதான் நடக்கிறது.

முதலில் ஓர் எந்திரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அதில் வாயுவைக் கலந்து எரிக்கிறார்கள். சூடான புகை பயங்கர வேகத்தில் பாய்ந்து, டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து ஜெனரேட்டரும் சுழலுகிறது. மின்சாரம் பிறக்கிறது. கோவில்களப்பாலில் இப்படிக் கிடைப்பது 70 மெகாவாட்.

வெளியே வரும் புகை அப்போதும் சுமார் 500 டிகிரி சூட்டில் இருக்கும். அதை வீணாக்குவது இல்லை. அதைக் கொண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். அதில் கிடைப்பது 37.88 மெகாவாட். அதற்காகக் கூடுதலாக ஒரு துளி வாயுகூடச் செலவு இல்லை!

இன்னும் சில லாபங்களும் உண்டு. நிலக்கரியைப் போல மலை மலையாகச் சாம்பல் குவியாது. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவும், நிலக்கரியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான்.

நிலக்கரிக் கொதிகலனை மூட்டிச் சூடேற்றப் பல மணி நேரம் ஆகும். வாயு டர்பைனை அரை மணிக்குள் ஓட்டிவிடலாம். சூரியன் மறைந்து, வெயில் மின்சாரம் நின்று, வீட்டுக்கு வீடு விளக்கு எரியும் மாலை நேரத்தில் இது பெரிய உதவி.

நெல்லா, வாயுவா?

இவ்வளவு நல்ல எந்திரத்துக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. காவிரிப் படுகையில் மேலே இருப்பது நெல். கீழே இருப்பது வாயு. இரண்டுக்கும் நிலம் ஒன்றுதான்!

கிணறு தோண்டினால் நிலத்தடி நீர் கெடுமோ, குழாய் கசிந்தால் வயல் பாழாகுமோ என்பது விவசாயிகளின் பயம். 2017-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. ஊர் மக்கள் திரண்டு போராடினார்கள். அதே ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலிலும் பெரிய போராட்டம் நடந்தது.

2020-ம் ஆண்டு தமிழக சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறியது. காவிரிப் படுகை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. அங்கே புதிதாக எண்ணெய், வாயுக் கிணறு தோண்டத் தடை வந்தது. ஏற்கனவே நடந்து வந்த கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை.

விவசாயி சோறு போடுகிறார். ஆனால் அவருடைய பம்பு செட்டு ஓடவும் மின்சாரம் வேண்டுமே! ஆகவே, இது ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கு அல்ல.

வற்றினால் என்ன ஆகும்?

பூமிக்குள் இருக்கும் வாயு, பல கோடி ஆண்டுகளாக உண்டானது. எடுக்க எடுக்கக் குறையும். கிணற்றுத் தண்ணீரைப் போல மறு மழைக்கு ஊறாது!

ஆந்திராவில் கோதாவரிக் கடலில் ஏராளமான வாயு இருக்கிறது என்று நம்பி, மின்சார நிலையங்களைக் கட்டினார்கள். எதிர்பார்த்த அளவு வாயு வரவில்லை. 2015-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் 14 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட வாயு நிலையங்கள் உள்நாட்டு வாயு கிடைக்காமல் தவித்தன. எந்திரம் புதிது, அடுப்பு காலி! வெளிநாட்டில் இருந்து கப்பலில் வரும் வாயுவை வாங்கலாம். ஆனால் விலை அதிகம்.

ஊரப்பாக்கம் வீட்டில் ஆள் இல்லாத அறையில் ஒரு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெளிச்சத்தில் திருவாரூர் மண்ணுக்கு அடியில் இருந்து வந்த வாயுவும் சிறிது கலந்து இருக்கலாம். அந்த மண்ணுக்கு மேலே ஒரு விவசாயி, வயலைப் பற்றிய கவலையோடு நிற்கிறார்.

சிந்திய சோற்றுப் பருக்கையைப் பார்த்தால் பெரியவர்கள் குழந்தையைக் கண்டிப்பார்கள். "இதை விளைவிக்க எவ்வளவு பாடு தெரியுமா?" என்பார்கள்.

வீணாக எரியும் விளக்கைப் பார்த்தாலும் அதையே சொல்லலாம். ஏனென்றால், சோறும் வெளிச்சமும் ஒரே வயலில் இருந்துதான் வருகின்றன!