ஒரு பிள்ளைக்கு எத்தனை ஆட்டம்?

திடலும் தலைமுறையும் – 7

குருநகரில் பந்து என்றால் உதைபந்துதான். பாடும்மீன் விளையாட்டுக் கழகத்தின் பெயரை அறியாமல் வடக்கில் உதைபந்து பார்ப்பவர் இருக்க முடியாது. பின்னேரமானால் ஐந்து மாடிக் குடியிருப்பின் அடியிலும் புனித யாகப்பர் ஆலயச் சுற்றாடலிலும் இறங்குதுறைப் பக்கத்து வெளிகளிலும் பந்து உருண்டுகொண்டே இருக்கும். அந்த ஊரிலிருந்து கொண்டு இந்த வாரம் கூடைப்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது.

குருநகரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி. அங்கே கூடைப்பந்து பல தலைமுறையாக ஆடப்படுகிறது. அப்படியே நகரத்துக்குள் வந்தால் யாழ். மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி, யாழ். இந்துக் கல்லூரி. ஒவ்வொன்றிலும் கூடைப்பந்துத் திடல் உண்டு. சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடக்கூடிய பரப்புக்குள் இத்தனை திடல்கள் இருப்பது சிறிய பாக்கியமில்லை. இருந்தும், இந்தச் சுற்றுவட்டத்தில் வளரும் நெடிய கைகால் உடைய பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று, இலங்கையின் பதினாறு வயதுக்குட்பட்டோர் அல்லது பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தேசிய அணிக்குள் போவது இன்றும் அருமையிலும் அருமையாகவே இருக்கிறது.

திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்ப்போம்.

நமது பாடசாலை விளையாட்டு கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறும். இந்தப் படிகளில் பெரும்பாலும் ‘நொக்கவுட்’ முறை. தோற்றால் வீட்டுக்கு. கூடைப்பந்து ஆட்டமொன்று பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. மொத்தம் நாற்பது நிமிடம். முதலாவது ஆட்டத்திலேயே தோற்ற அணியின் பிள்ளைக்கு அந்த ஆண்டு கிடைக்கும் போட்டி அனுபவம் அந்த நாற்பது நிமிடம் மட்டுமே. வாங்கிலிருந்து மாற்று வீரராக இறங்கும் பிள்ளைக்கு அதிலும் பாதி, கால்வாசி. மாதக்கணக்கில் விடியப்புறம் எழும்பிப் பயிற்சி செய்த பிள்ளைக்கு ஆண்டு முழுவதற்கும் வாய்த்தது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு.

பிறகு யாராவது கண்டு, கொழும்புக்குத் தெரிவுக்கு அழைத்தால், நானூறு கிலோமீற்றர் இரவுப் பயணம். பஸ்ஸிலோ ரயிலிலோ தூக்கமில்லாமல் போய் இறங்கி, முன்பின் அறியாத பிள்ளைகளோடு, அறியாத மொழியில் கத்திச் சொல்லப்படும் கட்டளைகளுக்கு நடுவே, தன் திறமையைக் காட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் தலைநகரில் ஆட்டம் கண்ட பிள்ளையும் நம் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தெரிவாளர் யாரைத் தெரிவுசெய்வார்?

இனி, சிறிய நாடு ஒன்று இதை எப்படிச் செய்தது என்று பார்ப்போம். லித்துவேனியா. சனத்தொகை ஏறத்தாழ 29 இலட்சம். இலங்கையின் சனத்தொகையில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். அந்த நாடு 1992, 1996, 2000 என அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்தில் வெண்கலம் வென்றது. 2023 உலகக் கிண்ணத்தில், மணிலாவில், அமெரிக்காவை 110–104 என்று வீழ்த்தியது.

இந்த வெற்றிகளின் வேர் இளையோர் அணிகளில் இருக்கிறது. யோனாஸ் வலன்சியூனாஸ் என்ற வீரரின் பாதையைப் பாருங்கள். தலைநகர் வில்னியூஸில் பிறந்தவர் அல்லர். உதேனா என்ற சிறு நகரத்துப் பையன். 2008இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். 2010இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கிண்ணம். 2011இல் றீகாவில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம். இறுதி ஆட்டத்தில் சேர்பியாவை 85–67 என்று வென்றார்கள், தொடரின் சிறந்த வீரர் அவரே. அதே ஆண்டில் பெரியவர்களின் தேசிய அணிக்குள் வந்தார். 2013, 2015 ஆகிய இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்களிலும் லித்துவேனியா இரண்டாமிடம் பெற்றபோது அந்த அணியின் தூண் அவர்தான். பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது, பிறகு பெரிய அணி. ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குக் குதிக்க வேண்டிய தேவை அந்தப் பிள்ளைக்கு வரவில்லை.

அந்தப் படிகளுக்கு அடியில் இருப்பது ஊருக்கு ஊர் உள்ள விளையாட்டுப் பாடசாலைகளும், மாணவர் கூடைப்பந்து லீக்கும். நாடு முழுவதிலுமுள்ள பிள்ளைகள் வயது வாரியாக அந்த லீக்கில் ஆடுகிறார்கள். லீக் என்றால் தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு. இன்று செய்த பிழையை அடுத்த ஆட்டத்தில் திருத்தலாம். பயிற்றுநருக்கும் ஒரு பிள்ளையைப் பல ஆட்டங்களில் பார்த்து முடிவெடுக்க முடிகிறது. அங்கே பெரிய வீரர்கள் தங்கள் பெயரில் பாடசாலை தொடங்குவதும் வழக்கம். சாரூனாஸ் மார்ச்சுலியோனிஸ் வில்னியூஸிலும், அர்விதாஸ் சபோனிஸ் கௌனாஸிலும் தொடங்கிய கூடைப்பந்துப் பாடசாலைகள் 1990களில் பிறந்தவை. சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆன, கையில் காசில்லாத காலம் அது.

இந்தக் கதையின் தொடக்கம் நம்மவருக்கு இன்னும் நெருக்கமானது. 1930களின் தொடக்கத்தில் லித்துவேனியாவில் கூடைப்பந்து ஒரு பெரிய ஆட்டமே இல்லை. அதை அங்கே ஊன்றியவர்கள் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள். அமெரிக்காவில் லித்துவேனியப் பெற்றோருக்குப் பிறந்த பிராங்க் லூபின் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடித் தங்கம் வென்றவர். பெற்றோரின் நாட்டுக்குப் போய்த் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். அங்கே அவர் பெயர் பிரானாஸ் லுபினாஸ். 1937இல் அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞர்களையும் சேர்த்துக்கொண்ட லித்துவேனிய அணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அவர்களில் ஒருவரான பெலிக்சாஸ் கிரியாவ்சியூனாஸ் ஆடவும் செய்தார், பயிற்றுவிக்கவும் செய்தார். 1939இல் கௌனாஸ் நகரில் சில மாதங்களில் ஓர் உள்ளரங்கைக் கட்டி முடித்து, அங்கேயே லாத்வியாவை 37–36 என்று ஒரே புள்ளியால் வென்று மறுபடியும் கிண்ணத்தைத் தூக்கினார்கள். அடுத்த ஆண்டு சோவியத் படை நாட்டுக்குள் வந்தது. நாடு போயிற்று, ஆட்டம் போகவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியன் தங்கம் வென்றபோது அந்த அணியின் முதல் ஐவரில் நால்வர் லித்துவேனியர்.

இனி நம் பக்கம் திரும்புவோம். யாழ்ப்பாணம் உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய விளையாட்டு வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம். ஏவினை என்ற கிராமத்துப் பெண். உயரம் 208 சென்ரிமீற்றர். அவர் ஆடியது வலைப்பந்து. கூடைப்பந்திலிருந்து பிறந்த ஆட்டம். வளையம் அதே 3.05 மீற்றர் உயரத்தில்தான். ஆனால் பின்னால் பலகை கிடையாது. பந்து மோதித் திரும்பி உள்ளே விழும் வசதி இல்லை. தடுப்பவர் மூன்று அடி தள்ளி நின்று கையை நீட்டி மறைப்பார். தர்ஜினி ஆடிய முறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுத்திடலிலிருந்து பந்தை உயர வீசுவார்கள். எல்லாக் கைகளுக்கும் மேலே இரண்டு கைகள் போய் அதைப் பிடிக்கும். பிடித்த பிறகு அவசரமே இல்லை. பாதங்களைச் சரிசெய்து, முழங்காலை இலேசாக மடித்து, விரல் நுனியால் பந்தை அனுப்புவார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அப்படி 348 கோல்கள். அந்தத் தொடரிலேயே ஆகக் கூடுதலான தொகை அது. 2009, 2018, 2022 என மூன்று முறை இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

அவர் 1979இல் பிறந்தவர். இளையோர் அணிக்குப் போக வேண்டிய பதினாறாவது வயது, போரால் வலிகாமப் பகுதியே ஒரே இரவில் இடம்பெயர்ந்த 1995. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் வலைப்பந்து அவருடைய ஆட்டமாக உறுதிப்பட்டது. தேசிய அணிக்குள் வரும்போது இருபது வயதைத் தாண்டிவிட்டார். நாற்பதைத் தாண்டியும் ஆடினார் என்று நாம் பெருமைப்படுகிறோம்; பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பதினான்கு வயதில் அவருக்கு ஒரு பயிற்றுநரும் ஒரு லீக்கும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சபோனிஸ் பதின்மூன்று வயதில் கௌனாஸில் பந்தைத் தொட்டவர். இரண்டே ஆண்டுகளில் சோவியத் இளையோர் அணிக்குள் இருந்தார்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். விமல் யோகநாதன். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்தவர். சிறுவயதில் லிவர்பூல் கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து, 2023இல் பாண்ஸ்லி கழகத்துக்காகத் தொழில்முறை உதைபந்தில் இறங்கினார். வேல்ஸின் இளையோர் தேசிய அணிகளுக்கும் ஆடினார். நம் பிள்ளைகளின் உடம்பில் குறை எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. வயதுக்கேற்ற அணியும் வாரத்துக்கு வாரம் ஆட்டமும் கிடைத்த இடத்தில் நம் பிள்ளை முளைத்து வருகிறது.

நம் பயிற்சி முறையிலும் ஒன்றை மாற்ற வேண்டும். பதின்மூன்று வயதில் ஒரு பையன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருந்தால் அவனை வளையத்துக்கு அடியில் நிறுத்திவிடுகிறோம். “பந்தைப் பிடி, போடு” என்பதோடு அவனுடைய பாடம் முடிந்துவிடுகிறது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட, இடக்கையால் எறிய, கூட்டாளிக்குக் கொடுக்க யாரும் பழக்குவதில்லை. பதினெட்டு வயதில் அவனுக்குச் சமமான உயரக்காரர் எதிரே வந்ததும் அவன் கையில் வித்தை ஒன்றும் இருக்காது. சபோனிஸின் உயரம் 221 சென்ரிமீற்றர். உலகம் அவரை வியந்தது அந்த உயரத்தோடு அவர் கொடுத்த பந்துகளுக்காக.

மறுபக்கம், குள்ளமாக இருக்கும் பிள்ளையைக் கழித்துவிடுகிறோம். வயதுப் பிரிவுக்கு ஜனவரி முதலாம் திகதி எல்லையாக இருக்கும்போது, ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே அணிக்குப் போட்டியிடுகிறார்கள். அந்த வயதில் பதினொரு மாதம் பெரிய இடைவெளி. பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிந்தி வளர்கிற பிள்ளைக்குப் பொறுத்திருக்க இடம் கொடுப்பதும் லீக் முறைதான்.

குருநகருக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. தொழில் கடலில். இந்திய இழுவைமடிகளால் வலையும் வருமானமும் போன வீடுகள் இங்கே கொஞ்சமல்ல. சாதாரண தரம் முடிந்ததும் தகப்பனோடு கடலுக்குப் போகும் பையனுக்கு விளையாட்டு என்பது வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவராத வேலையாகத் தெரிகிறது. பெண்பிள்ளைகளுக்கோ இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். சப்பாத்துக்கும் பஸ் காசுக்கும் வீட்டைக் கேட்காமல், நேரத்தையும் வீட்டுக்கு ஏற்றபடி வகுக்கிற ஏற்பாடுதான் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடும்.

2016இல் இந்திய உதவியோடு துரையப்பா விளையாட்டரங்கு 1,850 இருக்கைகளுடன் மறுபடி திறக்கப்பட்டது. நல்ல காரியம். கட்டடத்துக்குப் பிறகு வேண்டியது ஆட்ட அட்டவணை. அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. யாழ் நகரத்துத் திடல்களை வைத்துக்கொண்டு பதினான்கு வயதுக்குட்பட்ட எட்டு அணிகளை ஆண்களுக்கும் எட்டு அணிகளைப் பெண்களுக்கும் அமைக்கலாம். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழோடும் இரண்டு தரம் ஆடினால் பிள்ளைக்குப் பதினான்கு ஆட்டம். சனிக்கிழமை காலைகளில் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். கழகங்களில் ஆடும் அண்ணன்மாரும் அக்காமாரும் நடுவர்களாகட்டும். பாடசாலையில் அணி இல்லாத பிள்ளையும் சேரும்படி குருநகர், நாவாந்துறை, பாசையூர் என்று ஊர்ப் பெயரிலும் அணிகள் இருக்கட்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திடல் போட்டுத் தந்தீர்கள், கிண்ணம் தந்தீர்கள், நன்றி. இனி ஒரு பயிற்றுநரின் மாதச் சம்பளத்தை ஐந்து ஆண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளில் அங்கே கூடைப்பந்து ஆடுகிறவர்கள் விடுமுறைக்கு வரும்போது இரண்டு கிழமை இந்தத் திடல்களில் நின்று தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கட்டும். லூபின் செய்ததும் இதைத்தான். அதிலிருந்து ஒரு நாட்டின் கூடைப்பந்தே எழும்பியது.

(தொடரும்)