கோழிக்கு வார்த்த மருந்து

மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ போகும் சாலைகளை ஒட்டி, கம்பிவலை அடித்து நீளவாட்டில் நிற்கும் கறிக்கோழிக் கொட்டகைகளைப் பார்த்திராதவர் இருக்கமாட்டார். ஆனால் அவற்றுள் ஒன்றில் நோய் தலைகாட்டினால் மருந்து எவ்விதம் கொடுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர் சொற்பமே. ஆயிரக்கணக்கான கோழிகள் உமிப் படுக்கையின்மேல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வளரும் இடத்தில் ஒவ்வொன்றையும் பிடித்துச் சிகிச்சை செய்வது அசாத்தியமாதலால், பத்துக் கோழி சிறகைத் தொங்கவிட்டுத் தூங்கி விழுந்தாலும், கொட்டகை முழுவதற்குமான குடிதண்ணீரில் ஆண்டிபயாட்டிக் மருந்து கலக்கப்படுகிறது. இதில் ஒரு விபரீதம் உண்டு. நோயுற்ற கோழி தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. சுகமாயிருக்கும் கோழியே தாராளமாகக் குடிக்கிறது. மருந்து வேண்டியதற்குக் குறைவாகவும் வேண்டாததற்கு நிறைவாகவும் போய்ச் சேர, இரண்டின் குடலிலும் வலுவற்ற கிருமிகள் மடிந்து, மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு மிஞ்சிப் பெருகுகின்றன.

அவ்வாறு பெருகுபவற்றுள் சால்மொனெல்லா முக்கியமானது. 1885-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனின் ஆய்வுக்கூடத்தில் தியோபால்ட் ஸ்மித் கண்டறிந்த இக்கிருமி, கோழியின் குடலில் பெரும்பாலும் உபத்திரவமின்றி வாசம் செய்யும். மனிதன் வயிற்றில் புகுந்தாலோ வாந்தி, பேதி, சுரம். (டைபாய்டுக் கிருமியும் இந்தக் குடும்பந்தான், ஆயினும் அது மனிதனிடம் மட்டுமே குடியிருப்பது. அந்தப் பழியைக் கோழியின்மேல் போடுவது நியாயமன்று.)

மருந்தைத் தாங்கும் சக்தி அந்தந்தக் கிருமியின் வம்சத்தோடு நின்றுவிடுமானால் கவலை குறைவு. வேற்றினக் கிருமிக்கும் அது கைமாறும் என்பதை 1950-களின் இறுதியில் ஜப்பானிய விஞ்ஞானிகள் சீதபேதிக் கிருமிகளில் கண்டார்கள். பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையமே அதன் வாகனம். இதில் நமக்கென்ன என்றால், கோழிகளுக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆண்டிபயாட்டிக், கோழியின் உடலுக்குள்ளேயே ஓரளவு சிப்ரோஃப்ளாக்சசினாக, அதாவது நமக்கு டாக்டர் எழுதித்தரும் அதே மருந்தாக, மாறிவிடுகிறது. அமெரிக்கா 2005-இல் என்ரோஃப்ளாக்சசின் பிரயோகத்தைக் கோழிகளுக்கு நிறுத்திற்று. வேறெதுவும் பலிக்காத நோயாளிக்கென்று ஆஸ்பத்திரிகள் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டினோ, கோழிகள் விரைவில் எடை ஏறுவதற்காகவே தீவனத்தில் சேர்க்கப்பட்டு வந்தது. அதை வெல்லும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறி உலவுவதைச் சீன விஞ்ஞானிகள் 2015-இல் உலகுக்குச் சொன்னார்கள். 2019 ஜூலையில் நம் சர்க்கார் உணவுப் பிராணிகளுக்குக் கோலிஸ்டினைத் தடைசெய்தது.

பண்ணைக்காரரை வைவது எளிது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியிலிருந்து வர, வளர்ப்புக் கூலி மட்டுமே பெறுகிறவர், ஒரு பேட்ச் சாய்ந்தால் நாற்பது நாள் பாடு வீணாகுமே என்று நடுங்குவதில் வியப்பென்ன?

மருந்தை வென்ற கிருமி நெருப்பை வென்றதன்று. நன்றாகக் கொதித்த குழம்பில் அதுவும் செத்துப்போகும். கோழி அறுத்த கத்தியையும் பலகையையும் கழுவாமல் அவற்றிலேயே வெங்காயம் நறுக்குவதில்தான் அபாயம் இருக்கிறது. முட்டை சங்கதி வேறு. சால்மொனெல்லாவில் ஒரு வகை, ஓடு மூடுமுன்பே முட்டைக்குள் புகுந்துவிடும்; ஆகவே, பரோட்டாக் கடையில் பாதி வெந்தும் வேகாமலும் இலையில் விழும் கலக்கியைப் பற்றிக் குறை சொல்வது, மதுரைக்காரரிடம் மனஸ்தாபத்துக்கு இடமானாலும், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1988-இல் முட்டையில் இக்கிருமி இருப்பதைச் சற்று மிகையாகச் சொன்ன மந்திரி ஒருவர் பதவி விலக நேர்ந்தது. பத்தாண்டு சென்று அங்கே முட்டைக்கோழிகளுக்கு இக்கிருமிக்கு எதிராகத் தடுப்பூசி போட்டு, அந்த முட்டைகளில் சிங்க முத்திரை குத்தலானார்கள். முத்திரையிட்ட முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காட்டில் உண்ணலாமென்று அந்நாட்டு உணவுத்துறையே 2017-இல் அறிவித்தது.